அவசரப்பட்டுப் பிடுங்கிய கன்று

மனைவி இறந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டீக்குத் தண்ணீர் வைக்கப் போன லிஃப்ட் மெக்கானிக், சமையலறை ஜன்னலில் இருந்த பூ நுனியிலிருந்து பழுப்பாகிக்கொண்டு வருவதைப் பார்த்தார்.

நாலரை மாதமாக அந்தப் பூ மாறவே இல்லை. முதல் ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, நில அளவை ஆபீஸில் அவளோடு வரைபடம் வரைகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து கொண்டுவந்து கொடுத்த செடி அது. சாம்பலைக் கரைத்துப் பூசின மாதிரி வெள்ளைப் பட்டை போட்ட தடித்த இலைகள், இலை ஓரமெல்லாம் குட்டி முள், நடுவில் தண்ணீர் நிற்கும்படி கிண்ணம் போல ஒரு குழி, அதிலிருந்து எழுந்து நிற்கும் ரோஜா நிறப் பூ. தொட்டியில் செருகியிருந்த அட்டையில் புரோமிலியாட் என்று போட்டிருந்தது. அந்தப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இது அன்னாசிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சியாம் என்று சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு ‘ஒண்ணுவிட்டது’ என்றே பெயர் வந்துவிட்டது.

பார்க்க வந்தவர்களெல்லாம் பூவைப் பற்றித்தான் பேசினார்கள். நோயைப் பற்றி என்ன கேட்பது என்று தெரியாதவர்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. இன்னும் வாடலையே, இன்னும் அப்படியே இருக்கே என்பார்கள். அவளும் ஆமாம் என்பாள். கடைசியில் பூ அப்படியே இருக்க, அவள் போய்விட்டாள்.

மெக்கானிக் நாலாவது நாளே வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் பார்த்துக்கொண்டது மொத்தம் இருபத்திரண்டு கட்டடங்கள். மாடிக்கு மேலே மெஷின் ரூம், அதில் மோட்டார், பிரேக், கம்பிக் கயிறு. கீழே குழியில் ஸ்பிரிங். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் விட்டு, சுவரில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். நடுவில் எங்கேயாவது யாராவது மாட்டிக்கொண்டால் ஓட வேண்டும். கேபினுக்குள் மாட்டிக்கொண்டு பதறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசுவதில் அவர் பெயரெடுத்தவர். இப்போது அந்தக் குரல் இன்னும் நிதானமாகிவிட்டது என்று கூட வேலை செய்கிறவர் மனதாரப் பாராட்டினார். மெக்கானிக்கும் தலையாட்டி வைத்தார்.

அழுகை வரவில்லை. வரும் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல அவரும் காத்திருந்தார். பசி நேரத்துக்கு வந்தது, தூக்கம் நேரத்துக்கு வந்தது. பத்து நாள் கழித்து, பழைய துணி சேகரிக்க வண்டி வருகிறது என்று கட்டட வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இரண்டே மணி நேரத்தில் அவள் அலமாரி முழுவதையும் ஏழு பைகளில் அடைத்துக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அலமாரியைத் துடைத்தார். வேலை சுத்தமாக முடிந்தது.

இப்போது இந்தச் செடி. தான்தான் தண்ணீரைக் கூடக் குறைய ஊற்றிக் கெடுத்துவிட்டோம் போல என்று நினைத்தார். அவருடைய கட்டடங்களில் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு செடிக்கடை உண்டு. வெள்ளிக்கிழமை அங்கே சர்வீஸுக்குப் போனபோது தொட்டியையும் ஒரு பையில் வைத்துக் கொண்டுபோனார்.

செடிக்கடை அம்மாள் தொட்டியை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“நீங்க ஒரு தப்பும் பண்ணலைங்க. இது ஆயுசுல ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடிச்சா தாய்ச்செடி கொஞ்சம் கொஞ்சமா போயிடும்.”

எவ்வளவு நாள் என்று அவர் கேட்டார். ஒரு வருஷம் ஆகலாம், ஒன்றரை வருஷம்கூட இழுக்கும் என்றாள். பிறகு அடி இலையை விரலால் விலக்கிக் காட்டினாள். தண்டை ஒட்டி, பச்சையாக, மூடின குடை மாதிரி மூன்று பக்கக்கன்றுகள் கிளம்பியிருந்தன. பெரியது நாலு விரல் உயரம், மற்ற இரண்டும் அதில் பாதி.

அவள் சொன்னதையெல்லாம் அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். காய்ந்த பூத்தண்டை அடியில் வெட்டிவிட வேண்டும். நடுக்குழியில் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை பழசைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். மண் சொதசொதவென்று இருக்கக் கூடாது. தாய் பார்க்க அசிங்கமாகத்தான் ஆகும், அதற்காகத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அது இருக்கிறவரை கன்றுகளுக்கு அதிலிருந்துதான் சத்து போகும்.

“கன்னு தாயில மூணுல ஒரு பங்கு உயரமாவது வரணும். பாதி வந்தா இன்னும் நல்லது. அதுவரைக்கும் கைய வைக்காதீங்க. அவசரப்பட்டா அழுகிடும்.”

அன்று மாலையே மெக்கானிக் ஒரு காலி சர்வீஸ் அட்டையை எடுத்து, தேதி, தண்ணீர், கன்று ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டம் போட்டு ஜன்னல் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். சனிக்கிழமைதோறும் டேப் வைத்து அளந்து எழுதினார். அதைச் செய்யும்போது மட்டும், அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி இல்லாமல் இருந்தது.

மனைவியின் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். மாமியார் வீட்டில் இரண்டே பெண்கள். அக்கா பெரியவள், தங்கை சின்னவள், நாற்பது வயது நெருங்கியும் பெயர் அதுதான். மருந்துக்கடையில் வேலை. கல்யாணம் செய்து, ஒத்துவராமல் திரும்பி வந்து அம்மாவோடு இருந்தாள். வரும்போது ஒரு வாரத்துக்கு ஆகிற மாதிரி டப்பா டப்பாவாகச் சமைத்துக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, முந்தின வாரத்து டப்பாக்களைக் கழுவி எடுத்துப் போவாள். அதிகம் பேச மாட்டாள்.

அட்டை மாட்டின வாரத்து ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே கன்றுகளைப் பார்த்தாள். அதில் ஒன்று வேண்டும், அம்மாவுக்கு என்றாள். செடிக்கடை அம்மாள் சொன்னதை மெக்கானிக் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். இன்னும் ஆறு மாதமாவது ஆகும் என்றார். சரி மாமா என்றாள். அப்போது அவருக்கு ஃபோன் வந்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் கதவு மூடவில்லை என்று காவலாளி புலம்பினார். சென்சார் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள் என்று சொல்லி வழிக்குக் கொண்டுவரப் பத்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது சின்னவள் கிளம்பிப் போயிருந்தாள். தொட்டியில், பெரிய கன்று இருந்த இடத்தில் ஒரு குழி. மேடை மேல் மண் சிந்தியிருந்தது, அதை அரைகுறையாகத் துடைத்த தடமும் இருந்தது.

அவர் குழியை மூடி, மண்ணை அழுத்திவிட்டு, அட்டையில் ‘கன்று ஒன்று — எடுத்தாகிவிட்டது’ என்று எழுதினார். கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சாப்பிடப் போனார்.

அடுத்த வாரம் அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மாமியார்தான் ஃபோனில் சொன்னாள். பெரியவளின் செடி வந்ததிலிருந்து வீட்டில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறதாம். ஜன்னலோரம் வைத்திருக்கிறார்களாம். முள் குத்தும், தொடாதே என்று சின்னவள் கறாராகச் சொல்லியிருப்பதால் தூர இருந்தே பார்த்துக்கொள்கிறாளாம். பார்வைதான் சரியில்லை, புரை முற்றிப்போய் எல்லாமே பால் கலந்த தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி தெரிகிறது, அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். மெக்கானிக் ம், ம் என்று கேட்டுக்கொண்டார்.

தாய்ச்செடி சொன்ன சொல் தவறாமல் இறங்கிக்கொண்டு வந்தது. வெளிவரிசை இலைகள் முதலில் நுனி காய்ந்து, பிறகு வைக்கோல் நிறமாகி, இழுத்தால் கையோடு வந்தன. மீதியிருந்த இரண்டு கன்றுகளும் இலை விரித்து, தாய் இருந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன. சனிக்கிழமை அளவுகள் அட்டையில் ஏறின.

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த மறு ஞாயிறு, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் மாப்பிள்ளை என்று அவளே கூப்பிட்டாள். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டுக்கு அவர் போனது அதுதான் முதல் தடவை. பிஸ்கட் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். உட்காரக்கூட விடாமல் கையைப் பிடித்து ஜன்னலுக்கு அழைத்துப் போனாள்.

“பாருங்க மாப்பிள்ளை. கட்டு அவுத்து வீட்டுக்கு வந்து முதல்ல பார்த்தது இதைத்தான். நம்ம பெரியவ பூத்திருக்கா.”

ஜன்னலில் முழுசாக வளர்ந்த செடி ஒன்று நின்றது. முக்கால் முழ உயரம், அகல விரிந்த பட்டை இலைகள், நடுவில் ரோஜா நிறத்தில் பளிச்சென்று பூ. மெக்கானிக் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நாலு விரல் கன்று நாலு மாதத்தில் இப்படி ஆகாது. பூக்க இரண்டு வருஷம் ஆகும், மூன்றுகூட ஆகலாம். தொட்டியின் பக்கவாட்டில் கடை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை பிசுபிசுவென்று தூசு பிடித்திருந்தது.

இவ்வளவு பெரிசாக வளர்ந்தது தன் கண்ணுக்குத் தெரியவே இல்லை என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவளிடம் கேட்டாளாம், உன் கண்ணுக்கு அப்போது நான்கூடத்தான் பாதியாகத் தெரிந்தேன் என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு மாமியார் சிரித்தாள். அவள் சிரித்து மெக்கானிக் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

சின்னவள் அடுப்படி வாசலில் கையில் டீத் தட்டோடு நின்றாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கு அத்தை,” என்றார் அவர். “ரொம்ப நல்லா வந்திருக்கு.”

டீ குடித்தார். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தின் நேரங்களை மாமியார் சொல்லச் சொல்லக் கேட்டார். கிளம்பும்போது, பஸ் நிறுத்தம் வரை வருகிறேன் என்று சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தெரு முனை வரை இருவரும் நடந்தார்கள். பூட்டிக் கிடந்த ஒரு சலவைக் கடையின் முன்னால் அவள் நின்றுவிட்டாள்.

“எப்ப அழுகிச்சு?” என்று அவர் கேட்டார்.

“மூணாவது வாரமே. வேரே இல்ல மாமா. அடியெல்லாம் கறுத்துக் கொழகொழன்னு ஆயிடுச்சு. அம்மா தினம் காலையில அதுகிட்ட பேசிட்டு இருந்தாங்க. எப்படிச் சொல்றது? ரெண்டு மாசம் வெறும் தொட்டியில ஒரு பிளாஸ்டிக் செடியைக் குத்தி வச்சிருந்தேன். ஆபரேஷன் ஆனா கண்ணு தெரிஞ்சுடுமேன்னு இதை வாங்கினேன். கடையில பூவோடதான் வருது, பூ இல்லாம ஒண்ணுகூட இல்ல.”

அவர் தலையசைத்தார். ஆமாம், பூ வந்த பிறகுதான் கடைக்கு அனுப்புவார்கள் என்றார்.

“திட்டுங்களேன் மாமா.”

“வரலம்மா.”

“ஏன் பிடுங்கினேன்னாவது கேளுங்க.”

அவர் கேட்டார். கேட்கச் சொன்னதால்தான் கேட்டார். சலவைக் கடை ஷட்டரில் சாய்ந்துகொண்டு செருப்பால் தரையைத் தேய்த்தபடி சொன்னாள். அக்கா போன பன்னிரண்டாம் நாள் அவள் வந்தபோது அலமாரி காலியாக இருந்தது. துடைத்துக்கூட வைத்திருந்தது. அக்காவின் ஒரு சட்டை, ஒரு துண்டு, முகர்ந்து பார்க்க ஒன்றும் இல்லை. அந்த ஏழு பைகளில் ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டரும் போயிருந்தது. அது அக்காவுடையது இல்லை. சின்னவளுடையது. ஆஸ்பத்திரியில் குளிருகிறது என்று அக்கா கேட்டதால் கழற்றிக் கொடுத்தது.

“அதைத் திரும்ப எடுத்துக்கலாம்னுதான் அன்னைக்கு வந்தேன். போட்டுக்க இல்ல. சும்மா வச்சுக்க. நீங்க எதையும் வச்சுக்கிற ஆள் இல்லன்னு தோணிடுச்சு. இந்தச் செடியையும் ஒருநாள் பையில கட்டி வெளியில வச்சிடுவீங்கன்னு நினைச்சேன். அதான்.”

மெக்கானிக் அந்த ஸ்வெட்டரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். நாலாவது பையா, ஐந்தாவது பையா. கை அதை மடித்தது ஞாபகம் இருந்தது, பொத்தானில் ஒன்று உடைந்திருந்தது ஞாபகம் இருந்தது. மடித்தபோது மனதில் என்ன ஓடியது என்று பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை.

“நான் அன்னைக்கு அங்க இல்லம்மா,” என்றார். அது சரியான பதிலா என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்சம் கழித்து, “தெரிஞ்சிருந்தா எடுத்து வச்சிருப்பேன்,” என்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறும்போது அவர் திரும்பி, இன்னும் ரெண்டு கன்று இருக்கிறது, ஒன்று உனக்கு, நேரம் வந்ததும் கூப்பிடுகிறேன் என்றார்.

நேரம் வர மேலும் ஐந்து மாதம் பிடித்தது. அட்டையில் இரண்டாவது கன்று தாயின் பாதி உயரத்தைத் தொட்ட சனிக்கிழமை அவர் ஃபோன் செய்தார். அவள் கடையில் சொல்லிவிட்டு மதியமே வந்துவிட்டாள். சமையலறைத் தரையில் பேப்பர் விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் மருந்துக்கடைப் பழக்கத்தில் கத்தியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். அவர் தொட்டியைக் கவிழ்த்து, மொத்தச் செடியையும் மண்ணோடு வெளியே எடுத்து, கன்று தாயோடு ஒட்டியிருக்கும் இடத்தை விரலால் தேடிப் பிடித்துக் கொடுத்தார். இந்த முறை அதற்குச் சொந்தமாக வேர் இருந்தது, கறுப்பாக, முரட்டு நூல் மாதிரி.

“இங்கயா?”

“இன்னும் கீழ. தண்டை ஒட்டி வெட்டு. பயப்படாதே, தாய்க்கு இனிமே ஒண்ணும் இல்ல.”

அவள் வெட்டினாள், அடுத்த கன்றையும் அதே மாதிரி எடுத்தாள். வெட்டுப்பட்ட இடம் காய ஒரு நாள் விட வேண்டும் என்று இரண்டு கன்றுகளையும் பேப்பர் மேல் வைத்தார்கள். அவள் டீ போட்டாள். நீங்கள் எழுதி வைக்கிறீர்களே அட்டை, அது மாதிரி எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றாள். அவர் பெட்டியைத் திறந்து காலி அட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தார். மறுநாள் வந்து தொட்டியில் வைத்தாள். ஆழமாகப் புதைக்காமல், சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் குச்சி நட்டு, மரப்பட்டைத் தூள் கலந்த மண்ணில். அவளுடைய அறையில், அம்மா கண்ணில் படாத இடத்தில் வைப்பதாகச் சொல்லிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

தாய்ச்செடியில் மிச்சம் இருந்தது ஐந்தாறு காய்ந்த இலைகளும் ஒரு கட்டையும்தான். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும்போது அதைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கீழே குப்பைத் தொட்டியில் போட்டார். மூடியை மூடிவிட்டு ஒரு நிமிடம் நின்றார். அன்று எட்டரை மணி பஸ்ஸைத் தவற விட்டார், அடுத்ததில் போனார்.

கடையில் வாங்கின செடிக்கும் அதே கதைதானே. வருஷம் திரும்புவதற்குள் மாமியாருடைய பூவும் பழுப்பாயிற்று. அவள் கலங்குவாள் என்று இரண்டு பேரும் பயந்தார்கள். அவள் கலங்கவில்லை. தாய் போகும், கன்று வரும் என்று சின்னவள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள், கண்ணும் இப்போது நன்றாகத் தெரிந்தது. கன்றுகளைத் தானே எண்ணி, தானே காத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை வரவழைத்தாள். நல்ல திடமான கன்று ஒன்றைத் தனித் தொட்டியில் வைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

“இது உங்களுக்கு. பெரியவளோடது, உங்க வீட்டுல ஒண்ணு இருக்கணும்ல.”

சின்னவள் தலை குனிந்துகொண்டாள். தன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று மாமியார் சொல்லிக் கொடுத்ததை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் அவள் தப்பாகச் சொன்னாள், சின்னவள் திருத்தினாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார இடமில்லை. ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் பையுமாக நின்றார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முள் பைக்கு வெளியே வந்து மணிக்கட்டில் குத்தியது. பக்கத்தில் நின்ற ஒரு ஆள் ஃபோனில் பேசிக்கொண்டே பின்னால் சாய்ந்து சாய்ந்து வந்து, முதுகால் பையை அமுக்கினார். ஒரு இலை மடங்குகிற சத்தம் கேட்டது.

“பார்த்து நில்லுங்க சார். செடி இருக்குல்ல, கண்ணு தெரியல?”

குரல் பஸ் முழுக்கக் கேட்டது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் ஃபோனை இறக்கிவிட்டு, மன்னிக்கணும் என்று ஒதுங்கினார். மெக்கானிக்குக் காது சூடாகியிருந்தது. ஒரு பெண் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். அவர் மறுக்காமல் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, மடங்கின இலையை விரலால் நீவி நீவி நேராக்கிக்கொண்டே போனார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதை இரண்டு நிறுத்தம் கழித்துத்தான் கவனித்தார். இறங்கி நடந்தார்.

வீட்டில் ஜன்னலில், இருந்ததை ஓரமாக நகர்த்திவிட்டுப் புதியதைப் பக்கத்தில் வைத்தார். அட்டையில் இன்னொரு கட்டம் போட்டார். இரண்டின் குழியிலும் தண்ணீர் ஊற்றினார்.